திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பேரரசர்

(வரலாற்று மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தந்தைக்குப் பின் மூத்த மகன் அரியணை ஏறினால் பழங்கால வரலாற்றாசிரியர் அதற்கு ஒரு வரிதான் ஒதுக்குவார். அதில் விளக்க ஒன்றுமில்லை. யாருமே நினைத்துப் பார்க்காத ஒருவர் ஏறிவிட்டால்தான் சிக்கல். நடக்க வாய்ப்பே இல்லாதது எப்படி நடந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். தெய்வச் செயல் என்பாரா? தற்செயல் என்பாரா? பணம் என்பாரா, சதி என்பாரா? அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து அரசரைவிட எழுதியவரைப் பற்றித்தான் நாம் அதிகம் தெரிந்துகொள்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதைத்தான். உலகம் முழுக்கச் சுற்றிவர நேரம் போதாது. ரோமாபுரியில் ஒரு பகலையும் ஓர் இரவையும் நின்று பார்ப்போம். பிறகு நமக்குப் பக்கத்திலிருக்கும் இலங்கைக்கு வருவோம்.

கி.பி. 41, ஜனவரி 24. பலத்தீன் குன்றில் விழா நாடகங்கள் நடந்துகொண்டிருந்தன. நண்பகலை ஒட்டிப் பேரரசர் கையஸ் அரங்கைவிட்டுக் கிளம்பினார். கலிகுலா என்ற பெயரில் நாம் அறிந்தவர் இவர்தான். ஒடுக்கமான நடைவழி ஒன்றில் அவருடைய மெய்க்காவற்படை அதிகாரிகளே அவரை வெட்டிச் சாய்த்தார்கள். முன்னின்றவன் காசியஸ் கேரியா. செய்தி பரவியதும் அரண்மனை அலங்கோலமானது. பேரரசரின் ஜெர்மானியக் காவலர்கள் வெறிகொண்டு எதிர்ப்பட்டவர்களை வெட்டத் தொடங்கினார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உயிருக்குப் பயந்து ஒளிய இடம் தேடினார். இறந்தவரின் சிற்றப்பா கிளாடியஸ்.

அடுத்து நடந்ததை ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் சொல்லும்போது அது மறக்க முடியாத காட்சியாகிவிடுகிறது. கிளாடியஸ் முதலில் ஓர் அறைக்குள் ஒதுங்குகிறார். கொலைச் செய்தி காதில் விழுந்ததும் பக்கத்து மாடத்துக்கு மெல்ல நகர்ந்து, வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குள் புகுந்துகொள்கிறார். அந்தப் பக்கமாக ஓடிய சாதாரணப் படைவீரன் ஒருவன் திரைக்கு அடியில் இரண்டு பாதங்களைப் பார்க்கிறான். யாரென்று தெரிந்துகொள்ள வெளியே இழுக்கிறான். கிளாடியஸ் நடுங்கிப்போய் அவன் கால்களில் விழ, அவனோ அவரைப் பேரரசர் என்று வாழ்த்துகிறான். பிறகு படைவீரர்கள் அவரைப் பல்லக்கில் ஏற்றுகிறார்கள். பல்லக்குத் தூக்கிகள் ஓடிவிட்டதால் தாங்களே மாறி மாறித் தோள் கொடுத்துப் பாசறைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். வழியில் பார்த்த மக்கள், பாவம், இந்த மனிதரைக் கொல்லக் கொண்டுபோகிறார்கள் என்று இரக்கப்பட்டார்களாம்.

காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவெட்டோனியஸ் இதை எழுதியது நிகழ்ச்சி நடந்து சுமார் 80 ஆண்டுகளுக்குப் பிறகு. திரைக்கு அடியில் தெரிந்த பாதங்களைப் பார்த்தது ஒரே ஒரு படைவீரன். அது எப்படி அவர் காதுவரை வந்தது என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும்.

அதற்கு முன் கிளாடியஸை ஏன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 10இல் லியோன் நகரில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே நோயாளி. நடக்கும்போது கால் தள்ளாடும், தலை ஆடும், பேச்சு திக்கும். இயற்கை தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்ட பிறவி என்று பெற்ற தாய் அந்தோனியாவே சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. பேரரசர் அகஸ்டஸ் தம் மனைவி லிவியாவுக்கு எழுதிய கடிதங்களில் சில பகுதிகளைச் சுவெட்டோனியஸ் அப்படியே எடுத்துத் தருகிறார். கிளாடியஸ் லிவியாவின் பேரன். விழாவில் அந்தப் பையனை அரச குடும்பத்தார் இருக்கையில் உட்கார வைக்கலாமா, மக்கள் பார்த்துச் சிரிப்பார்களா, அவனுக்குப் பதவி கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒரேயடியாக முடிவுசெய்ய வேண்டும் என்றெல்லாம் பேரரசர் அந்தக் கடிதங்களில் யோசிக்கிறார். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் அரண்மனைச் செயலகத்தில் வேலை பார்த்தவர் சுவெட்டோனியஸ். அதனால் இத்தகைய ஆவணங்கள் அவர் கைக்கு எட்டின. அவருடைய நூலில் நான் முழுதாக நம்புவது இந்தக் கடிதங்களைத்தான்.

பதவி மறுக்கப்பட்ட கிளாடியஸ் படிப்பில் இறங்கினார். வரலாறு எழுதும்படி அவரை ஊக்கப்படுத்தியவர் வரலாற்றாசிரியர் லிவி. எத்ருஸ்கர் வரலாற்றை 20 நூல்களாகவும் கார்த்தேஜ் வரலாற்றை 8 நூல்களாகவும் கிரேக்க மொழியில் எழுதினார். ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இவ்வளவு கேலி செய்த பேரரசர் தாமே ஒரு வரலாற்றாசிரியர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இன்னொரு ரோம வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கி.பி. 20இல், கிளாடியஸின் அண்ணன் ஜெர்மானிகஸின் மரணம் தொடர்பான வழக்கு முடிந்ததும், நீதி பெற்றுத் தந்ததற்காக அரச குடும்பத்தாருக்கு நன்றி சொல்லச் செனட்டில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர் வரிசையில் கிளாடியஸ் இல்லை. அவரை வேண்டுமென்றே விட்டுவிட்டீர்களா என்று உறுப்பினர் ஒருவர் கேட்ட பிறகுதான் பெயரைச் சேர்த்தார்கள். இந்த இடத்தில் டாசிட்டஸ் சற்றே நின்று, அரசாளப் போகிறவர் என்று அன்று யாருடைய பேச்சிலும் நம்பிக்கையிலும் இடம்பெறாத ஒருவரையே விதி மறைவில் வைத்திருந்தது என்று எண்ணிப் பார்க்கிறார். அந்தத் தீர்மானத்தைப் பொறித்த செப்புக் கலவைப் பட்டயங்கள் தெற்கு ஸ்பெயினில் கிடைத்து 1996இல் வெளியிடப்பட்டன. அரச குடும்பத்தார் வரிசையின் கடைசியில் கிளாடியஸ் வருகிறார். டாசிட்டஸின் கதைக்கு அது பொருந்துகிறது.

இப்போது நடைவழிக்குத் திரும்புவோம். அந்த நாளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பதிவை எழுதியவர் ரோமானியர் அல்லர், யூதர். ஜொசிபஸ். அவர் ஒரே நிகழ்ச்சியை இரண்டு நூல்களில் எழுதினார், இரண்டும் ஒத்துப்போகவில்லை. எழுபதுகளில் எழுதிய ‘யூதப் போர்’ நூலில் கதை சுருக்கம். படைவீரர்கள் கிளாடியஸைத் தூக்கிச் செல்கிறார்கள், செனட் எதிர்க்கிறது, யூத அரசர் அக்ரிப்பா தற்செயலாக ரோமில் இருக்கிறார், இரு தரப்பும் அவரை அழைக்க அவர் தூது போகிறார். கி.பி. 93, 94 வாக்கில் முடித்த ‘யூதத் தொன்மை’ நூலின் 19ஆம் பகுதியிலோ அக்ரிப்பாதான் எல்லாவற்றுக்கும் சூத்திரதாரி. தயங்கும் கிளாடியஸுக்கு அவர் தைரியம் ஊட்டுகிறார். செனட் அழைத்ததும், ஏதோ விருந்திலிருந்து எழுந்து வந்தவர்போலத் தலையில் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போய், கிளாடியஸ் எங்கே என்று ஒன்றும் அறியாதவராகக் கேட்கிறார். செனட்டின் தூதுக்குழுவோடு பாசறைக்குப் போய், அங்கே கிளாடியஸைத் தனியாக அழைத்து, அவர்கள் கலங்கிப் போயிருக்கிறார்கள், நீங்கள் பேரரசருக்குரிய தோரணையில் பதில் சொல்லுங்கள் என்கிறார். பின்னாளில் கிளாடியஸ் அவருக்கு யூதேயாவையும் சமாரியாவையும் ஆளக் கொடுத்தார்.

இருபது ஆண்டுக்குள் ஒரே எழுத்தாளர் கையில் தூதுவர் சூத்திரதாரி ஆகிவிட்டார். ஜொசிபஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அக்ரிப்பாவின் மகனோடு நெருங்கிப் பழகியவர் அவர், அந்தக் குடும்பத்தில் பேசப்பட்ட கதை அவர் காதுக்கு வந்திருக்கும். தம் இனத்தவர் ஒருவரால்தான் ரோமப் பேரரசர் அரியணை ஏறினார் என்று எழுதுவதில், தம் நகரம் எரிந்ததைக் கண்ணால் கண்ட அந்த மனிதருக்கு எவ்வளவு ஆறுதல் இருந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும்.

அதே 19ஆம் பகுதியில் ஒளிந்திருந்தவர் காட்சியும் வருகிறது. திரைச்சீலை இல்லை, பாதங்களும் இல்லை. சில படிகள் ஏறிப் போகும் ஒரு மறைவிடத்தில் கிளாடியஸ் நிற்கிறார். கிராட்டஸ் என்ற படைவீரன் இருட்டில் உற்றுப் பார்த்து, இவர் ஜெர்மானிகஸ் குடும்பத்தவர், இவரையே நம் தலைவராக்குவோம் என்று மற்றவர்களிடம் சொல்கிறான். படைவீரர்கள் முன்பே கூடிப் பேசி, குடியரசு வந்தால் நம் பிழைப்பு போய்விடும், வேறு யாராவது தாமாக ஆட்சியைப் பிடித்தால் நமக்கு நன்றி காட்ட மாட்டார்கள், கிளாடியஸை நாமே ஏற்றிவைத்தால் நமக்கு மரியாதை உண்டு என்று கணக்குப் போட்டிருந்தார்கள் என்கிறார் ஜொசிபஸ். மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய காசியஸ் டியோவின் வீரர்களோ கொள்ளையடிக்க வந்தவர்கள். இருட்டு மூலையில் கண்டவரை யாரென்றே தெரியாமல் இழுத்துப் போட்டு, பிறகுதான் அடையாளம் கண்டுகொண்டார்கள். கூட்டம் கூடிக் கணக்குப் போட்டவர்கள் ஒரு நூலில், கைக்குக் கிடைத்ததைச் சுருட்ட வந்தவர்கள் இன்னொன்றில்.

ஜொசிபஸ் தரும் இன்னும் இரண்டு செய்திகள் மிக முக்கியமானவை. கையஸின் விடுதலை பெற்ற அடிமை கலிஸ்டஸ் கொலைச் சதியில் பங்காளி, அவர் முன்கூட்டியே இரகசியமாகக் கிளாடியஸின் பக்கம் சாய்ந்திருந்தார். கொலைக்குச் சற்று முன், கையஸ் அரங்கைவிட்டுக் கிளம்பியபோது, அவருக்கு முன்னால் நடந்து போனவர்களில் கிளாடியஸும் ஒருவர். ஆக, அரங்கைவிட்டு வெளியேறிய கிளாடியஸ் கத்தி விழுந்த நேரத்தில் அந்த நடைவழியில் இல்லை. இதைக் கொண்டு இக்கால ஆய்வாளர்கள் சிலர் அவருக்குச் சதி முன்பே தெரிந்திருக்கும் என்று ஐயுறுகிறார்கள். உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் திரைச்சீலைக் கதையால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். முதல் நன்மை கிளாடியஸுக்கு. அண்ணன் மகன் இரத்தத்தில் அவர் கை நனையவில்லை என்று அது சொல்கிறது. பயந்து நடுங்கியவர் சதி செய்திருக்க முடியாதல்லவா? அடுத்த நன்மை செனட்டுக்கு.

செனட்டுக்கு எப்படி? அன்று மாலை அவர்கள் கேபிடல் குன்றில் கூடினார்கள். வழக்கமாகக் கூடும் மண்டபத்துக்கு ஜூலியஸ் குடும்பத்தின் பெயர் இருந்ததால் அங்கே போகவில்லை. தலைமை தாங்கிய கான்சல் செண்டியஸ் சதுர்னினஸ் விடுதலையைப் போற்றி நீண்ட உரை ஆற்றினார். கொடுங்கோன்மையைப் பொறுத்துக்கொண்ட கோழைத்தனத்தைக் கண்டித்தார். அப்போது உறுப்பினர் டிரெபெல்லியஸ் மாக்ஸிமஸ் எழுந்து வந்து அவர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி எடுத்தார். அந்த மோதிரக் கல்லில் செதுக்கியிருந்தது கொல்லப்பட்ட கையஸின் உருவம். பேச்சு வேகத்தில் கான்சல் அதை மறந்துவிட்டார். இரண்டாயிரம் பக்கம் எழுதினாலும் அந்த செனட்டின் நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கேரியா வந்து அன்றிரவுக்கான அடையாளச் சொல்லைக் கேட்டபோது ‘விடுதலை’ என்று கொடுத்தார்கள். விடிவதற்குள் அது முடிந்துபோனது. மறுநாள் கூட்டத்துக்கு நூறு பேருக்கு மேல் வரவில்லை. அவர்களிலும் சிலருக்கு அரியணை ஆசை வந்துவிட்டது. செனட்டின் பக்கம் நின்ற படைவீரர்களே எங்களுக்கு ஒரே தலைவர் வேண்டும் என்று கூவிக்கொண்டு கிளாடியஸின் பாசறைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு முழு இரவு கையிலிருந்தும் குடியரசை மீட்க முடியாமல் போனவர்களுக்கு, ஒரு கோமாளியைத் தற்செயல் தூக்கிவைத்தது என்ற கதை எவ்வளவு வசதியானது என்று எண்ணிப் பாருங்கள். சுவெட்டோனியஸும் டியோவும் செனட்டர்களின் பார்வையில் வளர்ந்த மரபில் எழுதியவர்கள். அவர்கள் நூல்களில் அந்த இரவின் தோல்வி சிறுத்துப் போகிறது, திரைச்சீலை பெரிதாகத் தெரிகிறது.

பணத்தை மட்டும் யாரும் மறைக்கவில்லை. கிளாடியஸ் ஒவ்வொரு மெய்க்காவற்படை வீரனுக்கும் 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்களித்தார், படையின் விசுவாசத்தை விலைகொடுத்து வாங்கிய முதல் சீசர் இவர்தான் என்கிறார் சுவெட்டோனியஸ். ஜொசிபஸ் சொல்லும் 5,000 திராக்மா ஏறக்குறைய 20,000 செஸ்டர்ஸ் ஆகும். அந்தப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் சுமார் 3,000 செஸ்டர்ஸ். குறைந்தது ஐந்து ஆண்டுச் சம்பளத்தை ஒரே நாளில் பேசி முடித்திருக்கிறார்கள். கிளாடியஸும் இதற்காக வெட்கப்படவில்லை. ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே அவர் வெளியிட்ட பொற்காசுகளில் ஒரு வகையில் காவற்படையின் பாசறைச் சுவர் இருக்கிறது, இன்னொரு வகையில் பேரரசரும் படைவீரனும் கைகோத்து நிற்கிறார்கள். நூலாசிரியர்கள் யாரும் சேர்த்ததோ கழித்ததோ இல்லாமல் அவரே சொன்ன வாக்குமூலம் அது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் கிளாடியஸ் காசுகளும் உண்டு என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத அரசர்கள் எல்லோருக்கும் இந்தக் கேலி கிடைப்பதில்லை. வெஸ்பாசியனைப் பாருங்கள். வரி வசூலித்தவரின் மகன், சிறிய ஊர்க்காரர். கிளாடியஸைவிடவும் நெடுந்தொலைவிலிருந்து அரியணைக்கு வந்தவர். ஆனால் அவர் உணவருந்தும்போது கலப்பையிலிருந்து அவிழ்ந்த எருது உள்ளே புகுந்து அவர் காலடியில் கழுத்தைச் சாய்த்ததாக எழுதுகிறார் அதே சுவெட்டோனியஸ். சகுனங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஜொசிபஸ் தாமே அவர் பேரரசராவார் என்று முன்கூட்டிச் சொன்னதாகப் பதிவுசெய்கிறார். வேறுபாடு எங்கே என்றால், வெஸ்பாசியன் தம் மகன்களுக்கு அரியணையை விட்டுச் சென்றார், புது வம்சம் நிலைத்தது. கிளாடியஸின் மகனோ கொலையுண்டார், பின்வந்த நீரோவின் அவையில் இறந்தவரைக் கேலிசெய்து தத்துவ அறிஞர் செனேகாவே எழுதினார். கிளாடியஸுக்கும் சகுனம் இல்லாமல் இல்லை. அவர் முதன்முறை கான்சலாக மன்றத்துக்குள் நுழைந்தபோது கழுகு ஒன்று வந்து தோளில் அமர்ந்ததாம். அதைச் சொல்லும் சுவெட்டோனியஸே அரியணைக் காட்சியில் கழுகை மறந்துவிடுகிறார். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தொடக்கத்தை எழுதுகிறார்கள்.

இனி இலங்கை. வெறும் ஒப்பீட்டுக்காக நான் அங்கே போகவில்லை. கிளாடியஸ் காலத்தில் அந்தத் தீவிலிருந்து நான்கு தூதுவர்கள் ரோமுக்கு வந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ரோம நாணயங்கள் வெவ்வேறு பேரரசர்கள் அடித்தவையாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைப் பார்த்துத் தீவின் மன்னன் வியந்தானாம். மரபான காலக்கணக்கின்படி, கிளாடியஸ் இறந்து பத்தாண்டு ஆவதற்குள் அனுராதபுரத்தில் ஒரு வாயிற்காவலன் அரசனானான்.

மகாவம்சத்தின் 35ஆம் அதிகாரம் சொல்லும் கதை இது. யசலாலக திஸ்ஸ மன்னனுக்கும் சுபன் என்ற வாயிற்காவலனுக்கும் முகம் ஒரே அச்சு. மன்னன் விளையாட்டாகத் தன் அணிகலன்களை அவனுக்குப் பூட்டி அரியணையில் உட்கார வைத்துவிட்டு, அவனுடைய தலைப்பாகையையும் கோலையும் தான் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பான். அமைச்சர்கள் காவலனை வணங்குவதைக் கண்டு சிரிப்பான். ஒரு நாள் அரியணையிலிருந்த சுபன், என் முன்னால் இந்தக் காவலன் எப்படிச் சிரிக்கலாம் என்று கேட்டு மன்னனைக் கொல்லச் செய்தான். ஆறு ஆண்டுகள் ஆண்டான்.

பிறகு வசபன் என்ற பெயருடையவன் அரசனாவான் என்று சோதிடம் சொல்லக் கேட்டு, அந்தப் பெயருள்ளவர்களை எல்லாம் கொல்ல உத்தரவிட்டான் சுபன். வசபன் என்ற இளைஞன் தன் மாமனிடம் வேலை செய்துவந்தான். மாமன் படைத்தலைவன். அவனை அரசனிடம் ஒப்படைத்துவிட முடிவுசெய்து அழைத்துக்கொண்டு கிளம்பினான். மாமனின் மனைவி மேத்தா வசபன் கையில் வெற்றிலையைக் கொடுத்தாள். அதில் சுண்ணாம்பு இல்லை. அரண்மனை வாசலில் அதைப் பார்த்த மாமன், போய்ச் சுண்ணாம்பு வாங்கிவா என்று வசபனைத் திருப்பி அனுப்பினான். வீட்டில் மேத்தா உண்மையைச் சொல்லி, ஆயிரம் காசும் கொடுத்துத் தப்பவிட்டாள். அவன் மகாவிகாரைக்குப் போனான், பிக்குகள் உணவும் உடையும் தந்தார்கள். பின்னாளில் சுபனை வென்று, மேத்தாவை அரசியாக்கி, 44 ஆண்டுகள் ஆண்டான்.

சுண்ணாம்பில்லாத வெற்றிலையால் ஓர் அரச வம்சம் பிறந்ததாக இந்த நூல் சொல்கிறது. இதிலும் யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். மகாவம்சம் மகாவிகாரைப் பிக்குகளின் நூல், வசபன் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் எழுதியது. தப்பி வந்தவனுக்குச் சோறு போட்டது எங்கள் விகாரை என்று அவர்களால் எழுத முடிகிறது. வசபனின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுதான் என்று சோதிடன் சொல்ல, அவன் புண்ணியச் செயல்களால் அதை 44 ஆக நீட்டினான் என்றும் சொல்கிறார்கள். குளங்களும் விகாரைத் திருப்பணிகளும் நீளமாகப் பட்டியலாகின்றன. சுபன் ஆட்சியைப் பிடித்த கதையில் அரியணை விளையாட்டைத் தவிர வேறெதையும் அவர்கள் நமக்கு விட்டுவைக்கவில்லை. ஒரு வாயிற்காவலன் வெறும் முக ஒற்றுமையால் ஆறு ஆண்டுகள் ஆண்டிருக்க முடியாது. அவனுக்குப் படையோ ஆதரவாளர்களோ இருந்தே தீர வேண்டும். அவர்கள் யார் என்பதை அந்தச் சிரிப்பு மூடி மறைத்துவிட்டது. திரைச்சீலைக் கதை ரோமில் செய்ததும் இதே வேலைதான்.

என் தீர்ப்பு இது. கிளாடியஸ் விபத்தாக வந்தவர் அல்லர். அந்தக் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருந்த வயதுவந்த ஆண் அவர் ஒருவர்தான். படை போற்றிய ஜெர்மானிகஸின் தம்பி. படைவீரர்கள் தேடியது அவரைத்தான், ஒளிந்திருந்தாலும் நின்றிருந்தாலும் அவரைத்தான் தூக்கியிருப்பார்கள். ஜொசிபஸின் 19ஆம் பகுதியே உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது, அக்ரிப்பாவின் பெருமையைச் சற்றுத் தள்ளிவைத்துப் படித்தால்.

டாசிட்டஸ் இந்த ஏறுதலை எழுதியிருந்தார். அவருடைய ஆண்டு வரலாற்றில் 7 முதல் 10 வரையான நூல்கள் முழுவதும் அழிந்துபோயின, அதோடு அந்தப் பக்கங்களும் போயின. இருப்பதையாவது நாம் ஒழுங்காகப் படிக்க வேண்டும். மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: சுவெட்டோனியஸின் கிளாடியஸ் வரலாற்றில் 10ஆம் அத்தியாயம், ஜொசிபஸின் ‘யூதத் தொன்மை’ 19ஆம் பகுதி, மகாவம்சத்தின் 35ஆம் அதிகாரம், இந்த மூன்றையும் உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கி ஒரே வாரத்தில் படித்துவிடுங்கள். நான் சொன்னதில் எங்கே இடறியிருக்கிறேன் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.